பஞ்சு, மரம், கேக்

“என்னடா இல்ஹாம், கிணத்துக்குள்ள விழுந்தவள் பாடுற மாதிரிக் கிடக்கு!”

மரக்காலை முழுவதற்கும் கேட்கும்படி ஏர்னஸ்ட் கத்தினார். மதியச் சாப்பாட்டுக்காக வாள் நின்றிருந்த நேரம் அது. கத்த வேண்டிய தேவை ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த மனிதர் அப்படித்தான். மரம் அரிகிற வாளின் இரைச்சலுக்கு மேலால் பேசிப் பேசியே வயது போய்விட்டது. வாள் நின்றாலும் தொண்டை நிற்பதில்லை.

“மெல்லப் பேசுங்கண்ணே. நான் பக்கத்துலதான் இரிக்கன்,” என்றான் இல்ஹாம். முதிரை மரக்குற்றியின் மறுபுறம் பிடித்துத் தள்ளுகிறவன் அவன்.

“என்ன?”

“ஒண்டுமில்ல, சோத்தத் தின்னுங்க.”

ஏர்னஸ்டின் காதில் வெள்ளை வயர் ஒன்று தொங்கியது. போன் வாங்கியபோது கூடவே வந்தது. கடைக்காரன் அதை “ஹேன்ட்ஸ்ஃப்ரீ” என்று சொல்ல, சும்மா தருகிறான் என்று விளங்கிக்கொண்டு, இவர் அவனுடைய கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு வந்தவர். சும்மா வந்த சாமானுக்கு ஏற்ற மாதிரி அதில் ஒரு பக்கம்தான் வேலை செய்தது.

போனுக்குள் பாடிக்கொண்டிருந்தவள் அவருடைய மனைவி கொன்ஸ்டன்ஸ். மைத்துனன் கொலினுடைய மகளின் கல்யாணத்தில் பாடிய பாட்டு. போர்த்துக்கீசர் விட்டுப்போன பழைய பறங்கிப் பாஷைப் பாட்டு. சொற்கள் பாதி அவளுக்கே தெரியாது, ஆனாலும் அவள் பாடினால் கிழவர்கள் கதிரையை விட்டு எழும்பி ஆடுவார்கள். ஏர்னஸ்ட் போனை ஒரு சோடாப் போத்தலில் சாய்த்து வைத்துப் பதிவு செய்தார். பாட்டு முடிந்த பிறகு நிற்பாட்ட மறந்துபோனார்.

அதற்கு அடுத்த மாசம், ஞாயிறு பூசைக்குக் கவுன் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே கட்டிலில் சாய்ந்தாள். தேத்தண்ணி ஆறிப்போகுது என்று குசினியிலிருந்து இவர் இரண்டு தரம் கத்தினார். அவள் வரவில்லை. நெஞ்சு நின்றுபோயிற்று என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அன்றிலிருந்து ஏர்னஸ்டிடம் ஒரே கதைதான்.

“ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டாளே!”

சவப்பெட்டியை மூடும்போது ஃபாதரிடம் சொன்னார். மண் போட்டவனிடம் சொன்னார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவனிடமும் சொன்னார். துக்கமா கோபமா என்று கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. கோபம்தான். சொல்லியிருந்தால் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாரே. மரக்குற்றி தூக்கின தோளுக்கு அவள் ஒரு பாரமா?

இப்போது சகல ஆத்துமாக்கள் திருநாள் வருகிறது. சவக்காலையில் எல்லாக் கல்லறைக்கும் பூ வைத்து மெழுகுதிரி கொளுத்துகிற நாள். அதற்கு முன்னால் கல்லு நட வேண்டும். ஆரையம்பதியில் கல்லு வெட்டுகிற நல்லரத்தினம் இரண்டு நாளுக்கு ஒரு தரம் போன் எடுத்தார்.

“பேரு வெட்டியாச்சு, திகதி வெட்டியாச்சு. அடியில இடம் கிடக்கண்ணே. என்ன போடுற? வேதத்துல ஒரு வசனம் போடுவமா?”

“வேதம் வேணாம்,” என்றார் ஏர்னஸ்ட். “அவள் வாயால சொன்னதுதான் போடணும். பாட்டு முடிய என்னவோ சொல்றாள். அது விளங்கட்டும், சொல்றன்.”

அதுதான் சங்கதி. பாட்டு முடிந்து, கைதட்டு ஓய்ந்து, கொன்ஸ்டன்ஸ் மேசைக்கு வந்து உட்காருகிறாள். கதிரை இழுபடுகிறது. பிறகு தாழ்ந்த குரலில் ஒரே ஒரு வசனம். உலகத்தில் அவளுடைய பேச்சாக மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அது ஏர்னஸ்டின் காதுக்கு வெறும் மரத்தூளாக விழுந்தது.

“காது நல்லாத்தான் இருக்கு. இந்த ஃப்ரீச் சாமான்தான் சரியில்ல,” என்றார்.

அன்று பின்னேரம் கொலின் வந்தான். கொன்ஸ்டன்ஸின் கூடப்பிறந்தவன், பக்கத்து வீடு. கல்யாண வீடுகளில் கிற்றார் அடிக்கிறவன். தன்னுடைய காதைப் பற்றி அவனுக்குப் பெரிய எண்ணம்.

“தாங்க மச்சான், நான் கேக்கிறன்.”

வேலை செய்கிற ஒரு பக்கத்தைக் காதில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். திடீரென்று கண் திறந்தது.

“பஞ்சுக்குள்ள!”

“என்ன?”

“பஞ்சுக்குள்ள எண்டு சொல்றா! பஞ்சுக்குள்ள… நகை… அப்படித்தான் கேக்குது. மச்சான், பஞ்சுக்குள்ள நகை!”

“என்னடா நகை? அதெல்லாம் மரக்காலை பூட்டிக் கிடந்த காலத்துல வித்துத் திண்டாச்சே.”

“அம்மாட சங்கிலி ரெண்டு. வித்தது ஒண்டுதானே?”

ஏர்னஸ்டுக்குச் சங்கிலி வேண்டாம். ஆனால் அவள் எதையோ ஒளித்து வைத்துவிட்டு, அது இருக்கிற இடத்தைத் தனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனாள் என்றால், அது சொன்ன கணக்குத்தானே? அந்த நினைப்பில் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. குசினிக் கத்தியை எடுத்து வந்தார்.

வீட்டில் பஞ்சு இருந்தது ஒரே இடத்தில்தான். கொன்ஸ்டன்ஸின் தலையணை. அவள் போன பிறகு அதன் உறையை அவர் கழுவவில்லை. தேங்காயெண்ணெயும் பவுடரும் கலந்த ஒரு மணம் அதில் இருந்தது. கத்தி நீளமாக இறங்கியது.

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்ததை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள்.

இலவம் பஞ்சு எழும்பியது. கூரைக்குப் போனது, மாதா படத்துக்குப் போனது, கொலினின் மூக்குக்குப் போனது. கொலின் தும்மியதில் மிச்சமும் எழும்பியது. இரண்டு பேரும் நாலு காலில் தவழ்ந்து பஞ்சைப் பிசைந்து பார்த்தார்கள். கறுத்த விதைகள் கிடைத்தன. வேறொன்றும் இல்லை. கூட்டி அள்ளி வெளியே கொட்டிய பிறகு ஏர்னஸ்ட் வெறும் உறையை முகர்ந்து பார்த்தார். குசினிக் கத்தியின் வெங்காய மணம்தான் வந்தது.

“இது ஹேன்ட்ஸ்ஃப்ரீட பிழை,” என்றார். “நல்லது ஒண்டு வாங்கணும்.”

மறுநாள் டவுனில் ஒரு கடைக்குப் போனார். தலைக்கு ஜெல் பூசிய தம்பி ஒருவன் தலையில் மாட்டுகிற சிவப்பு நிற ஹெட்போன் ஒன்றை எடுத்து வைத்தான்.

“இத எடுங்க ஐயா. நல்ல பேஸ்.”

“பேசுறதுதான் தம்பி எனக்கு வேணும்!”

“ஓம் ஐயா, முழுக்கப் பேஸ்தான். சும்மா அதிரும்.”

“அதிரத் தேவையில்ல. விளங்கினாப் போதும்.”

“போட்டுப் பாருங்க, நெஞ்சுக்குள்ள வந்து விழும்.”

நெஞ்சுக்குள் விழும் என்றதும் ஏர்னஸ்ட் வேறொன்றும் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்தார்.

வீட்டில் வந்து போட்டபோது உண்மையாகவே அதிர்ந்தது. கொலினின் கிற்றார் ஒவ்வொரு அடிக்கும் மண்டைக்குள் தேங்காய் விழுகிற மாதிரி விழுந்தது. கொன்ஸ்டன்ஸ் எங்கேயோ தூரத்தில், வாவிக்கு அக்கரையில் நின்று பாடினாள். ஆனால் ஒரு புதுச் சங்கதி கேட்டது. அவள் அந்த வசனத்தைச் சொல்லுகிற நேரம் பார்த்து, யாரோ ஒருவன் வாய் கொள்ளாமல் சிரிக்கிறான். எருமை தண்ணீரில் இறங்குகிற மாதிரிச் சிரிப்பு.

“எவன்டா அந்த மாடு?” ஏர்னஸ்ட் மேசையில் குத்தினார். “அவள் வாய் திறக்கிற நேரத்துல கனைக்கிறான்! ஆள் ஆரெண்டு தெரிஞ்சா வாளுக்க குடுத்து அரிவன்!”

கொலின் கூரையைப் பார்த்தான். அங்கே இன்னும் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருந்தது.

“ஆரெண்டு எனக்கும் தெரியல்ல மச்சான். கொண்டாங்க, கேப்பம்.”

கேட்டான். திரும்பவும் கேட்டான்.

“மூணாம் மரம்.”

“என்ன மரம்?”

“மூணாம் மரம் எண்டுதான் சொல்றா. பின்னால தென்னை மூணு நிக்குதெல்லா?”

வேலிப் பக்கம் நின்ற மூன்றாவது தென்னையின் அடியில் தோண்டினார்கள். ஏர்னஸ்ட் மண்வெட்டி பிடித்தால் அது விளையாட்டில்லை. இடுப்பளவு போனபோது ‘டங்’ என்றது. கொலின் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு குழிக்குள் குதித்தான்.

ஏர்னஸ்ட் இன்னொரு போடு போட்டார். தெருவுக்கே தண்ணீர் போகிற குழாய் அது.

தண்ணீர் தென்னையின் பாதி உயரத்துக்குப் பீறிட்டது. கொலின் குழிக்குள் சறுக்கிக் காலை மடக்கிக்கொண்டு “மச்சான்! மச்சான்!” என்று அலறினான். ஏர்னஸ்டுக்குக் கேட்கவில்லை, சிவப்புச் சாமான் இன்னும் தலையில் இருந்தது. வாளியும் வசவுமாகத் தெருவே திரண்டு வந்து, கொலினை இழுத்துப் போட்டது. அன்றைக்குச் சமைக்கத் தண்ணீர் இல்லாத வீட்டுப் பெண்கள் கொன்ஸ்டன்ஸின் நல்ல குணத்தையும் அவளுக்கு வாய்த்த புருசனையும் பற்றி வேலியோரம் நின்று பேசினார்கள். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

அடுத்த நாள் மரக்காலையில் இல்ஹாம் சிவப்புச் சாமானை வாங்கித் தலையில் போட்டான். கேட்டுவிட்டு மெதுவாகக் கழற்றினான்.

“அண்ணே, ஒண்டு சொன்னாக் கோவிக்கக் கூடாது.”

“சொல்லு.”

“அந்தச் சிரிக்கிற ஆளு நீங்கதான்.”

“என்ன?”

இல்ஹாம் விரலால் அவருடைய நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். பிறகு வாயைப் பிளந்து சத்தமில்லாமல் சிரித்துக் காட்டினான்.

ஏர்னஸ்ட் குற்றியின் மேல் உட்கார்ந்துவிட்டார். கல்யாண வீடு ஞாபகம் வந்தது. கொன்ஸ்டன்ஸ் வந்து உட்கார்ந்தபோது அவளுக்கு ஒரு பக்கம் இவர், மறு பக்கம் அவளுடைய தங்கச்சி ஹெதர். எதிரில் ஒருத்தன் பகிடி விட்டான். அந்தப் பகிடி என்னவென்று இப்போது நினைவில்லை. சிரித்தது மட்டும் நினைவில் இருக்கிறது. அவளுடைய தோள் இவருடைய தோளில் முட்டிக்கொண்டிருந்தது.

“அப்ப எனக்குப் பக்கத்துல இருந்துதான் சொல்லியிருக்கிறாள்,” என்றார். அவருடைய வாயில் வந்த பேச்சுகளில் முதல் தரமாக இல்ஹாம் குனிந்து கேட்க வேண்டியிருந்த பேச்சு அது.

ஹெதர் அந்தக் கல்யாணத்துக்கென்று மெல்பேர்னிலிருந்து வந்து போனவள். ஏற்கெனவே ஒரு தரம் கேட்டதற்கு, சந்தடியில் ஒன்றும் ஞாபகமில்லை என்று சொல்லியிருந்தாள். இப்போது கொலின் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, தன்னுடைய போனைச் சத்தமாக வைத்து அவளுக்கு எடுத்தான்.

“ஹெதர், நான் கேட்டுப் பிடிச்சிட்டன். ‘அந்த மனுசனுக்கு’ எண்டு ஒரு சொல்லு வருது. பிறகு ‘கேக்’ எண்டு வருது. பிறகு ‘இல்ல’. அந்த மனுசனுக்குக் கேக் இல்ல! சரியா?”

மெல்பேர்னில் ஒரு கதிரை இழுபட்டது.

“ஓம்,” என்றாள் ஹெதர். “ஓம் ஓம். கேக்தான். மச்சானுக்குச் சுகர் எல்லா? கேக் குடுக்க வேணாம் எண்டுதான் சொன்னவ. அதுதான். வேறொண்டுமில்ல.”

“என்ன சொல்றாள்?” என்றார் ஏர்னஸ்ட்.

“கேக்காம், மச்சான்! உங்களுக்குக் கேக் இல்லையாம்!” என்று கொலின் கத்தினான்.

“விடுங்க மச்சான்,” என்றாள் ஹெதர். “கல்லுல நல்ல வசனமொண்டு போடுங்க. ஆண்டவரே என் ஆயர் எண்டு போடுங்க. இத இதோட விடுங்க.” அழைப்பு அறுந்தது.

ஏர்னஸ்ட் அன்றே நல்லரத்தினத்துக்குச் சொன்னார். நல்லரத்தினம் நெடுநேரம் இருமினார்.

“அண்ணே, கல்லறையில கேக்கா?”

“அவள் சொன்னது அதுதான்.”

“ஆக்கள் சிரிப்பாங்கண்ணே. பூ வைக்க வாற சனம் பேக்கரி விளம்பரமெண்டு நினைக்கும்.”

“சிரிக்கட்டும்.”

“வெட்டினா அழிக்க ஏலா. கல்லு அது. நாளைக்குப் பின்னேரம் உளியப் பிடிப்பன். அதுக்குள்ள ஒருக்கா யோசிச்சுக்கொள்ளுங்க.”

யோசித்தார். இத்தனை வருசம் சோறு போட்டவள், சட்டையிலிருந்து மரத்தூள் தட்டிவிட்டவள், கடைசியாக விட்டுப்போன பேச்சு கேக் இல்லை என்பதா? அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் கேக்குக்காக ஒருத்தி குரலை அவ்வளவு தாழ்த்துவாளா? கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் வருவாளா?

மறுநாள் வேலைக்குப் போகாமல் காத்தான்குடிக்கு பஸ் ஏறினார். அங்கே ஒரு கடையில் இர்ஷானா என்கிற பிள்ளை போனும் திருத்துவாள், பாட்டுச் சாமானும் பார்த்து எடுத்துக் கொடுப்பாள் என்று இல்ஹாம் சொல்லியிருந்தான்.

“ஆகத் திறமானது ஒண்டு வேணும் மகள்!” என்று வாசலில் நின்றே கத்தினார். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இர்ஷானா காதை முழுவதுமாக மூடுகிற கறுத்த ஹெட்போன் ஒன்றை எடுத்து அவருடைய தலையில் வைத்தாள். மெத்தென்று இருந்தது. தன்னுடைய போனில் எதையோ அழுத்திவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

“விசில் கேக்குதா அங்கிள்?”

“எந்த விசில்?”

அவள் இன்னொன்றை மாட்டினாள்.

“இப்ப?”

“இதுவும் பழுது மகள்.”

மூன்றாவதை மாட்டிச் சத்தத்தைக் கூட்டினாள். கறிவேப்பிலையோடு நின்ற ஒரு வயதான உம்மா முகத்தைச் சுளித்தார்.

“எனக்கு இங்க வரைக்கும் கேக்குது அங்கிள்.”

“அப்ப உள்பக்கம் வெளியே திரும்பியிருக்கும்.”

இர்ஷானா சிரிக்கவில்லை. எங்கே வேலை என்று கேட்டாள். மரக்காலை என்றார்.

“காதுக்கு ஒண்டும் போடுறல்லயா?”

“முதலாளி தந்தவர். இதே மாதிரித்தான் இருக்கும். ஆணியில தொங்குது. அதுல பாட்டு வராதே மகள், அதப் போட்டு என்ன செய்ய?”

ஏர்னஸ்ட் தன்னுடைய போனை நீட்டினார்.

“எனக்கு விளங்காட்டியும் பரவாயில்ல. நீங்க கேட்டுச் சொல்லுங்க. பாட்டு முடிய ஒரு வசனம் வரும். ஒருத்தன் சிரிப்பான்…” நிறுத்தினார். “நான் சிரிப்பன். அதுக்குக் கீழ கேக்கணும்.”

அவள் முக்காட்டுக்கு மேலால் ஹெட்போனை வைத்துக்கொண்டாள். பாட்டுக்கு விரலால் மேசையில் தட்டினாள். முடிவு வந்தது. நெற்றி சுருங்கியது. திரும்ப ஓட விட்டாள்.

“சிரிப்பு ஒரு பக்கம் வருது அங்கிள், அவங்கட குரல் மற்றப் பக்கம். சிரிப்ப நிற்பாட்டிப் பாக்கிறன்.”

எதையோ அழுத்தினாள். கேட்டாள். தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. இன்னொரு தரம் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“இது ஆரு அங்கிள்?”

“என்ட மனுசி.”

“அவங்க இப்ப…”

“சவக்காலையில. நெஞ்சு நிண்டு போச்சு. ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டாள், மகள்.”

இர்ஷானா ஹெட்போனைப் பெட்டிக்குள் வைத்தாள். வெளியே எடுத்தாள். திரும்பவும் உள்ளே வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து நல்லரத்தினம் போன் எடுத்தார். ஏர்னஸ்ட் போனைச் சத்தமாக வைத்துப் பிடித்தார்.

“உளி கையில இரிக்கு அண்ணே. கேக்கா, வசனமா? முடிவாச் சொல்லுங்க.”

“கொஞ்சம் பொறு! இங்க ஒரு பிள்ளைக்கு விளங்கிப் போச்சு!” ஏர்னஸ்டின் முகம் பஞ்சு மாதிரி மலர்ந்திருந்தது. போனை அவளுடைய வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். “சொல்லுங்க மகள். நீங்க சொல்லச் சொல்ல அவர் வெட்டட்டும்.”

இர்ஷானா சொன்னாள். அவளுடைய உதடு அசைந்ததை ஏர்னஸ்ட் கண்டார்.

“என்ன?”

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு இன்னொரு தரம் சொன்னாள். போனுக்குள் நல்லரத்தினத்தின் உளி தரையில் விழுந்தது.

“கேக்கல்ல மகள். சத்தமாச் சொல்லுங்க!”

இர்ஷானா மூச்சை இழுத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் நிற்க, தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

“‘நெஞ்சுக்குள்ள நோகுதெண்டு மூணுதரம் சொல்லிட்டன் ஹெதர், அந்த மனுசனுக்குக் கேக்கல்ல’ எண்டு சொல்றாங்க, அங்கிள்!”